கம்பெனி அலாரமா, நாமே மாட்டும் கேமராவா? சாவி யாரிடம் என்று முதலில் சொல்லுங்கள்

இதற்கு முன்பிருந்த வீட்டில் இரண்டு வருஷம் கம்பெனிக்காரர்கள் வந்து மாட்டிக் கொடுத்த அலாரம் வைத்திருந்தோம். இப்போதிருக்கும் வீட்டில் நாலு வருஷமாக நாங்களே வாங்கி ஒட்டிய சென்சார்களும் இரண்டு கேமராக்களும்தான். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறும் நண்பர்கள் எது நல்லது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்கிறேன். எனக்குச் சாய்வு இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் ஒதுக்கிவிடலாம். கம்பெனி அலாரத்துக்கு மாதாமாதம் கட்டணம். சொந்தக் கருவிக்கு ஒரே முறை செலவு. கம்பெனிக்காரர் சுவரில் ட்ரில் போடுவார், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வயர்லெஸ் சென்சார் இருபக்க டேப்பிலேயே நின்றுவிடும். கம்பெனியில் இரவு பகலாக ஆள் உட்கார்ந்து கவனிப்பார்கள். சொந்தக் கருவியில் அந்த ஆளும் நீங்கள்தான். ஒப்பந்தக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் விசா இரண்டு வருஷத்துக்கு, அவர்கள் நீட்டிய ஒப்பந்தமோ மூன்று வருஷத்துக்கு. நடுவில் மாற்றலாகிப் போனால் மிச்ச மாதங்களுக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள் அதைக் கிளம்பும்போதுதான் படித்தோம்.

ஆனால் என் மனதை மாற்றியது பணம் இல்லை. ஒரு பலூன்.

மகளின் பிறந்தநாள் முடிந்த மறுநாள் விடுமுறைக்காக ஊருக்குக் கிளம்பினோம். அலங்காரத்தையெல்லாம் கழற்றியாயிற்று, கூரையில் ஒட்டி நின்ற ஒரு ஹீலியம் பலூன் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. இரவில் வாயு குறைந்து அது மெல்லக் கீழே இறங்கி, ஹீட்டரின் சூடான காற்றில் ஹால் முழுக்க உலாத்தியிருக்கிறது. அசைவை உணரும் சென்சார் ஆளை அடையாளம் காண்பதில்லை, தன் பார்வைக்குள் வெப்பம் மாறி நகர்வதைத்தான் பார்க்கிறது. அதற்குப் பலூனும் திருடனும் ஒன்றுதான். அலாரம் அடித்தது. கண்காணிப்பு மையத்தில் இருந்தவர் முறைப்படி முதல் எண்ணை அழைத்தார், அது என்னுடையது. நான் விமானத்தில் இருந்தேன். இரண்டாவது எண் என் கணவருடையது. அவர் எனக்குப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது எண் எழுத வேண்டிய கட்டத்தைப் ‘பிறகு நிரப்பித் தருகிறோம்’ என்று காலியாக விட்டிருந்தோம்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது கதவடியில் நகராட்சியின் ஃபால்ஸ் அலாரம் அபராதக் கடிதம் கிடந்தது. சோபாவுக்கு அடியில் சுருங்கிப்போன பலூன் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி பல மாதங்களுக்கு எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. சைரன் அடித்தது விடியற்காலை மூன்று மணிக்காம்.

கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஒப்பந்தப்படி போன் செய்தார்கள். மாதக் கட்டணத்தில் நாங்கள் வாங்கியது அந்தப் போன் அழைப்பைத்தான், ஓடிவரும் ஆளை அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் உறைத்தது. அலாரம் அடித்தால் போலீஸ் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டிலேயே விதியை மாற்றிவிட்டார்கள்: யாராவது நேரில் பார்த்து உறுதி செய்யாதவரை வெறும் அலாரச் சத்தத்துக்குப் போலீஸ் வராது. பிரிட்டனில் போலீஸ் வருகையோடு இணைத்த அலாரம் வேண்டுமானால், தகவல் போன 20 நிமிடத்துக்குள் வீட்டுக்கு வந்து சேரக்கூடிய இரண்டு பேரிடமாவது சாவி இருக்க வேண்டும். சொந்த ஊரில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தம்பி, மச்சினன் என்று யாராவது இருப்பார்கள். குடியேறி ஆறு மாதமான குடும்பத்துக்கு இருபது நிமிடத் தொலைவில் யார் இருக்கிறார்கள்?

ஆக, எந்தக் கருவி வாங்கினாலும் சாவி வைத்திருக்க ஒரு ஆள் தேவை. அந்த ஆளை நாமே தேடத்தான் வேண்டும் என்றால், நடுவில் கம்பெனி எதற்கு? என் கணக்கு இவ்வளவுதான்.

சொந்தக் கருவியில் அலாரம் அடித்ததும் போனைத் திறந்து ஹாலைப் பார்த்துவிடலாம். பலூன் என்றால் பலூன் என்று தெரிந்துவிடும், யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை. சாவி வைத்திருப்பவருக்கும் அதே ஆப்பில் தனிக் கணக்கு கொடுக்கலாம், விடுமுறை முடிந்ததும் நீக்கிவிடலாம். நான் விமானத்தில் இருந்தாலும் அவர் பார்ப்பார்.

சரி, இதில் நான் பட்ட அவதியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் ஊரில் இருந்தபோது கேமரா ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நுழைய ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. போனதோ வெளிநாட்டு எண்ணுக்கு. அந்த சிம் கார்டு கேமரா காவல் காக்கும் வீட்டில், மேஜை டிராயரில் இருந்தது. அன்றிலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸை விட்டுவிட்டு, போனிலேயே எண் உருவாக்கும் ஆத்தன்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிட்டேன். இன்னொன்று, கரண்ட் போனால் ரௌட்டர் அணையும், ரௌட்டர் அணைந்தால் கேமரா குருடு. ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தால் போதும். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது அந்த மாற்றாத பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டு வைத்து விற்கவே சட்டம் தடை போட்டிருக்கிறது.

சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். முதலில் நம்ம ஊர்க்காரர் ஒருவரிடம்தான் கொடுத்தோம். நல்ல மனிதர், பேசவும் சுலபம். ஆனால் பள்ளி விடுமுறை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தானே வருகிறது! நாங்கள் ஊருக்குப் போகும் அதே வாரத்தில் அவரும் போய்விட்டார், எங்கள் சாவியும் அவருடைய பூட்டிய வீட்டுக்குள் போய்விட்டது. அப்புறம்தான் இரண்டு வீடு தள்ளி இருக்கும், அந்த நாட்டுக்காரரான ஒரு பெரியவரிடம் கேட்டோம். ஓய்வு பெற்றவர், பகலில் வீட்டில்தான் இருப்பார். முக்கியமாக, போலீஸோடு அவர்கள் மொழியிலேயே பேசுவார்.

அவரிடம் கொடுத்த சாவியில் வீட்டு எண்ணோ பெயரோ எழுதவில்லை, தொலைந்தாலும் அது வெறும் சாவிதான். அலாரத்தை நிறுத்த அவருக்கென்று தனி எண் கொடுத்தோம். யார் எப்போது நிறுத்தினார்கள் என்ற பதிவு தனித்தனியாக விழும், விடுமுறை முடிந்ததும் அந்த எண்ணை மட்டும் அழித்துவிடலாம். எங்கள் விமான நேரங்களையும் ஊர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். கதவு உடைந்திருந்தால் உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று போலீஸைக் கூப்பிட்டால் போதும் என்று வாய்விட்டே சொன்னோம். நம் டிவியைக் காப்பாற்ற எழுபது வயது மனிதர் அடி வாங்கக் கூடாது.

போலீஸ் எண் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவின் 112, அமெரிக்காவின் 911 போன்ற அவசர எண்கள், நீங்கள் நிற்கும் நாட்டின் போலீஸுக்குத்தான் போகும். விடுமுறையில் ஊரில் உட்கார்ந்துகொண்டு 112 அழுத்தினால் உங்கள் ஊர்ப் போலீஸ்தான் எடுக்கும். குடியிருக்கும் பகுதிக் காவல் நிலையத்தின் சாதாரண எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு, கிளம்புவதற்கு முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

சாவிக்காரர் இன்னொரு வகையிலும் உதவினார். பல வீட்டுக் காப்பீடுகளில், வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கான பாதுகாப்பு குறையும், அல்லது இல்லாமலே போகும். எத்தனை நாள் என்பது உங்கள் பாலிசியில் இருக்கும். நீண்ட விடுமுறை போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. எங்கள் காப்பீட்டுக்காரரிடம் கேட்டபோது, வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்த்தால் போதும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். எல்லா இடத்திலும் அப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். அலாரம் இருக்கிறது என்று சொல்லிப் பிரீமியத்தில் தள்ளுபடி வாங்கியிருந்தால், அதை ஆன் செய்யாமல் போன நாளில் திருட்டு நடந்தால் பணம் கிடைக்காமல் போகலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

வேறு நாட்டுக்கு மாறும்போது கருவியைக் கூடவே எடுத்துப்போகலாம் என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வைஃபை கேமரா பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் வைஃபை இல்லாமல் இசட்-வேவ் என்ற ரேடியோ முறையில் பேசும் சென்சார்கள் ஐரோப்பாவில் 868.42 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. ஒன்றின் சென்சார் மற்றதன் ஹப்போடு (சென்சார்களை இணைக்கும் மையப் பெட்டி) பேசாது, அந்த நாட்டு அலைவரிசை விதிக்கும் பொருந்தாது. ஸ்மார்ட் பூட்டு கதையும் இதுதான்: ஐரோப்பியக் கதவில் சிலிண்டர் (சாவி நுழையும் உருளை), அமெரிக்கக் கதவில் டெட்போல்ட் என்ற தாழ்ப்பூட்டு, கதவில் போட்ட துளையே வேறு. கம்பெனி அலாரம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவையை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த பழைய அலாரப் பெட்டிகள் ஊமையாகிவிட்டன. புதிதாக வாங்கும்போது 4ஜி-யா என்று கேளுங்கள்.

பராமரிப்பு என்று எங்களுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. சென்சார் பேட்டரி இதுவரை ஒருமுறை மாற்றினோம். வாசல் கேமராவின் கோணத்தை மட்டும் கவனமாக வைத்தோம். பொது வழியைப் படம் பிடிக்கும் வீட்டுக் கேமராவைச் சொந்த வீட்டு விஷயம் என்று சொல்லித் தனியுரிமைச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே விதி வேறாக இருக்கும், சில நாடுகளில் இன்னும் கடுமை. விசாவில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்குக்குப் போகாமல் இருப்பது நல்லது. எங்கள் கேமரா எங்கள் மிதியடியைத்தான் பார்க்கிறது.

இரண்டு முறையிலும் மாறாதது பூட்டு. முன்பு குடியிருந்தவர் எத்தனை சாவி நகல் எடுத்தார் என்பது வீட்டு உரிமையாளருக்கே தெரியாது. ஐரோப்பிய வகைக் கதவில் சிலிண்டரை மாற்ற, பக்கவாட்டில் இருக்கும் ஒரே ஒரு நீள ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், பத்து நிமிட வேலை. அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றி, பழையதைப் பத்திரமாக வைத்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டு வரலாம். அளவு சரியாக இருக்க வேண்டும். கதவுத் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியில் பிடித்து ஒடிக்க வசதி செய்து கொடுத்த மாதிரி. கதவையே மாற்றும் வாய்ப்பு கிடைத்தால், உடைப்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டும் ஐரோப்பிய ஆர்.சி. தரத்தைக் கேளுங்கள்: ஆர்.சி. 2 என்றால் சாதாரணக் கைக்கருவிகளுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும், ஆர்.சி. 3 என்றால் கடப்பாரையோடு வந்தாலும் 5 நிமிடம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் சைரன் அலறும்போது ஐந்து நிமிடம் வாசலில் நின்று நெம்ப யாருக்கும் மனம் வராது.

யாருக்குக் கம்பெனி அலாரம் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். தனியாக வசிப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாதவர், அல்லது கட்டணத்தை அலுவலகமே ஏற்றுக்கொள்பவர் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் சாவியைத் தாங்களே வைத்திருந்து ஆளை அனுப்பும் சேவையும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் தனிக் கட்டணத்துக்கு அது கிடைக்கிறது. வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது அழுத்தும் அவசரப் பட்டனுக்கும் கம்பெனி மையம்தான் நல்லது. போனைத் தேடி எடுக்க நேரமில்லாத நொடி அது. வாசலில் காவலாளி இருக்கும் அடுக்குமாடி இவை இரண்டையும் விட மேலா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்த புதிதில் ஆறு மாதம் மட்டும் அப்படி இருந்தோம். காவலாளி எங்களை நிறுத்திக் கேள்வி கேட்டார், கூரியர்காரர்களைக் கேட்கவில்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நியாயமாக இருக்காது.

பெரியவரின் வீட்டுச் சாவியும் இப்போது எங்களிடம் இருக்கிறது. அவர் வேறு ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது அவர் வீட்டு அலாரம் அடித்தால் நான்தான் போக வேண்டும். இதுவரை இரண்டு முறை டார்ச்சோடு போயிருக்கிறேன். இரண்டு முறையும் சென்சார் மேல் ஒரு சிலந்தி.