ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: ருசிக்கு இரண்டு மார்க், வேலைக்கு முழு மார்க்

மழை நாலு நாள் விடாமல் பெய்தால் சென்னையில் அடுத்தது என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவில் தேங்கிய தண்ணீர் எங்கேயோ குடிநீர்க் குழாயில் கலந்து, ஒரே சந்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தாக வேண்டிய பொருள் ஓ.ஆர்.எஸ். தூள், அதாவது உடம்பு இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கலவை, அதுவும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற பெரிய பாக்கெட். இந்த விமர்சனம் அதற்குத்தான். எந்தக் கம்பெனியையும் சிபாரிசு செய்யப் போவதில்லை, பாக்கெட்டின் பின்பக்கம் சரியாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான்.

பின்பக்கம் என்றால் என்ன பார்ப்பது? ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. இதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா, கூட்டினால் 20.5 கிராம். ஆரஞ்சு வாசனை போட்ட பாக்கெட்டில் எடை கொஞ்சம் கூட இருக்கும், பரவாயில்லை. குளுக்கோஸ் அதில் இருப்பது இனிப்புக்காக இல்லை. நம் குடலில் உப்பையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது, காலரா வந்தாலும் அது மூடிக்கொள்வதில்லை, இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். ஆனால் சர்க்கரை அளவு மீறினால் கதை தலைகீழ்: உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போவதை இன்னும் அதிகமாக்கும். 2002-இல் பழைய ஃபார்முலாவிலிருந்து உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தார்கள், வாந்தி குறைந்தது, குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது.

இதைத் தெரிந்துகொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால்தான் வேடிக்கை புரியும். எங்கள் பக்கத்து மெடிக்கலில் "தம்பி, ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுப்பா" என்றால் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பான்: "ஆப்பிளா ஆரஞ்சா சார்?" கை போவது ஸ்ட்ரா ஒட்டிய 200 மில்லி பானப் பெட்டிக்கு. "பெட்டி வேணாம், தூள் பாக்கெட்" என்று சொன்ன பிறகுதான் கீழ் டிராயர் திறக்கும். அவனைக் குறை சொல்லி என்ன பயன், கண்ணுக்கு நேராக அடுக்கி வைத்திருப்பது பெட்டியைத்தானே. லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை போட்ட பானங்கள்கூட இந்த மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு பல வருடம் விற்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் இதை எதிர்த்து வருடக்கணக்கில் சண்டை போட்டார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது, அதே ஜூலையில் 'இது ஓ.ஆர்.எஸ். இல்லை' என்று ஓரத்தில் ஒரு மறுப்பு வரி போட்டால் போதும் என்று தளர்த்தியது, கடைசியில் 2025 அக்டோபரில்தான் அந்தத் தளர்வையும் திரும்ப வாங்கியது. பொடி எழுத்தில் ஒரு மறுப்பு வரி, அதை நடுராத்திரி கடைக்கு ஓடி வரும் அம்மா படிப்பாளாம்!

விலையிலும் பெட்டி தோற்கும். தூள் முப்பது ரூபாய்க்குள் ஒரு லிட்டர். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவும் வேண்டாம், வயிற்றுப்போக்கு என்று சொன்னால் இலவசமாகவே கிடைக்கும், குழந்தைக்கு என்றால் ஜிங்க் மாத்திரையும் சேர்த்து. அந்த மாத்திரையை 14 நாள் வரை கொடுக்கச் சொல்வார்கள். போக்கு நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ருசி? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. லேசான உப்பு, லேசான இனிப்பு, எதிலும் சேராத ஒரு வழவழப்பு. கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது என்பது பழைய அளவுகோல், சரியாகக் கரைத்தால் அப்படித்தான் இருக்கும். ஒன்று கவனித்திருக்கிறேன், உடம்பில் நிஜமாகவே தண்ணீர் வற்றிய பிள்ளை இதை மறுக்காமல் குடிக்கும், தேறத் தேறத்தான் முகத்தைச் சுளிக்கும். ஒரேயடியாக டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் வாந்திதான். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இந்தப் பாக்கெட் என்ற வடிவமே பெரிய கண்டுபிடிப்பு என்பேன். 1971-இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பாலித்தீன் பையில் போட்டு அனுப்ப ஏற்பாடு செய்தார். முகாமில் டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களே கப்பில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த மனிதருக்குப் பத்மவிபூஷண் அறிவித்தது 2023-இல், அவர் இறந்த பிறகு. நம் ஊரிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு: 1950-களின் கடைசியில் சேத்துப்பட்டில் நடந்த காசநோய் ஆராய்ச்சி, சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று உலகத்துக்குக் காட்டியது. பெரிய ஆஸ்பத்திரி கட்டக் காசில்லாத ஊர்களில்தான் இந்த மாதிரி யோசனை பிறக்கிறது போலிருக்கிறது.

சரி, குறைகள். முதல் குறையே பெரிசு: பல பாக்கெட்டில் 'முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்கவும்' என்ற ஒரே முக்கியமான விஷயம் இங்கிலீஷிலும் இந்தியிலும் எறும்பு சைஸில் இருக்கிறது. அதனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது. உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. காலி ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலில், கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, மொத்தத் தூளையும் ஒரே தடவையில் கொட்டுங்கள், 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். அப்புறம், 'குடிச்சும் நிக்கலையே' என்று ஒரு ஸ்டார் போடுகிறவர்களுக்கு: இது போக்கை நிறுத்தும் மருந்தே இல்லை, இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவது மட்டும்தான் இதன் வேலை. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் உள்ளே போனாலோ, மூத்திரம் நின்றாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ பாக்கெட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியெல்லாம் புகட்டிக்கொண்டே போங்கள்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை மார்க் வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் 'ஒரு லிட்டர்' என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கம் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கட்டும்.