பழைய பிஎல்கே 360 வாங்கலாமான்னு கேட்டவருக்கு

பழைய மாடல் லைக்கா பிஎல்கே 360ங்கற லேசர் ஸ்கேனர் செகண்ட் ஹேண்ட்ல விலை குறைஞ்சு வருது, வாங்கிப் போட்டு ஸ்கேன் டு பிம் வேலை (இருக்குற கட்டடத்தை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல 3டி மாடலா வரையறது) எடுக்கலாமான்னு கூட வேலை பார்த்த ஒருத்தர் கேட்டார். போன்ல சொல்லி மாளல, அதான் இங்க.

மெஷின்ல எனக்கு குறையே இல்ல. எடை ஒரு கிலோதான், ட்ரைபாட்ல வச்சு பட்டனை அமுக்கிட்டு நாம அடுத்த ரூம்ல ஒளிஞ்சுக்கணும், இல்லன்னா நம்ம தொப்பையும் பாயிண்ட் க்ளவுட்ல (லேசர் பட்ட புள்ளியெல்லாம் சேர்ந்து வர்ற 3டி படம்) வந்துரும். செகண்டுக்கு 3,60,000 பாயிண்ட் வரை எடுக்கும், 10 மீட்டர்ல 6 மி.மீ. துல்லியம். டேப் பிடிச்சு அளந்த காலத்துல ஆபீஸ் வந்தப்புறம்தான் "ஐயோ அந்த லிண்டல் ஹைட்டு எடுக்கலையே"ன்னு தோணும், திரும்ப சைட்டுக்கு ஓடணும், வீட்டுக்காரர் மூஞ்சிய பாக்கணும். இப்ப உக்காந்த இடத்துல ரெண்டு க்ளிக். இந்த சுகத்துக்கே காசு குடுக்கலாம். நிலைக்கண்ணாடி இருக்குற ரூம்ல மட்டும் கண்ணாடிக்குப் பின்னாடி இன்னொரு ரூம் இருக்குற மாதிரி பேய் பாயிண்டா வரும், பெட்ஷீட் போட்டு மூடிட்டா முடிஞ்சுது.

எரிச்சல் எல்லாம் சுவர்லதான். ஜார்ஜ் டவுன்ல மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கலை சாய்ச்சு அடுக்கி சுண்ணாம்பு போட்ட மாடி) போட்ட பழைய வீடு ஒண்ணு பண்ணோம். சுண்ணாம்புச் சுவர், கீழ ஒரு தடிமன் மேல ஒரு தடிமன், நடுவுல வயிறு தள்ளி நிக்குது, ஒரு மூலை கூட 90 டிகிரி கிடையாது. க்ளவுட் அதை அப்படியே காட்டுது, அதுக்குத்தானே ஸ்கேன் பண்ணோம். ஆனா மாடலிங் சாஃப்ட்வேருக்கு சுவர்னா நேரான பெட்டி. 89.6 டிகிரில வரைஞ்சா வார்னிங் மேல வார்னிங், டைமென்ஷன் 3047.3ன்னு வந்து நிக்கும், ஆர்க்கிடெக்ட் திட்டுவார். சரின்னு 90க்கு நிமித்துனா செக்‌ஷன்ல (குறுக்கே வெட்டுன படத்துல) க்ளவுட் சுவரை விட்டு வெளிய தொங்கும், க்ளையண்ட் திட்டுவார். ஒரே மீட்டிங்ல ரெண்டு திட்டும் வாங்கியிருக்கோம். தானா சுவர் கண்டுபிடிக்கிற ப்ளகின் போட்டுப் பார்த்தா அது பீரோவை சுவர்னு எடுத்துக்கிச்சு!

பாதி சண்டைய கோட்டேஷன்லயே முடிச்சுரலாம். எல்லாரும் எல்ஓடி 300ன்னு எழுதிட்டு போயிருவாங்க, அது மாடல்ல எவ்வளவு டீட்டெயில் வரணும்ங்கறதுக்கு, துல்லியத்துக்கு இல்ல. துல்லியத்துக்கு யூஎஸ்ஐபிடிங்கற அமெரிக்க அமைப்பு போட்ட எல்ஓஏ (துல்லிய அளவு) தனியா இருக்கு, எல்ஓஏ 20ன்னா விலகல் 15லேர்ந்து 50 மி.மீ., 30ன்னா 5லேர்ந்து 15. பழைய வீட்டுக்கு 30 ஒத்துக்கிட்டா செத்தீங்க, ஒவ்வொரு வயித்தையும் தனியா வளைச்சு வளைச்சு செய்யணும். 20 போதும்னு எழுதி வாங்கிக்கிட்டு, எங்க எவ்வளவு விலகியிருக்குன்னு க்ளவுட்கம்பேர் சாஃப்ட்வேர்ல (இலவசம்தான்) கலர் மேப் எடுத்து கூடவே குடுத்துருங்க. நாங்க அப்படித்தான் குடுக்குறோம். அப்பவும் "இங்க ஏன் சிவப்பா இருக்கு"ன்னு போன் வரும். அப்புறம் டெரஸுக்குள்ள செங்கல் எப்படி சாய்ச்சு அடுக்கியிருக்குன்னு கேப்பாங்க, லேசர் மேல்தோலைத்தான் பாக்கும் சார், உள்ள போகாது.

சரி, வாங்கலாமா? வாங்காதீங்க. ஸ்கேன் சீக்கிரம் முடிஞ்சுரும், வாடகைக்கு எடுத்தாலே போதும், மிச்ச வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான், அந்த காசுல ராம் போடுங்க, பொறுமையா சுவர் வரையற ஆள் ஒருத்தரை வைங்க. இன்னைக்கு காலைல ஒரு 89.6ஓட மல்லுக்கட்டிட்டு வந்து எழுதறேன், அந்த கோவமும் இதுல சேர்ந்திருக்கும். ஆனா என் மெஷினை விலைக்கு கேட்டுறாதீங்க, தரமாட்டேன்.