யாழ்ப்பாணத்தில் ஒரு எஸ்660: இரண்டு சீற் காரோடு படும் பாடு

ஹொண்டா எஸ்660 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அதன் ஸ்டியரிங்கைப் பற்றியும் வளைவுகளில் அது திரும்புகிற விதத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். அதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. எனக்கும் ஓட்டுவதற்கு இவ்வளவு சந்தோஷம் தந்த வேறு கார் இல்லை. ஆனால் வருடக்கணக்காக இதை யாழ்ப்பாணத்தில் வைத்து ஓட்டுகிற ஆள் நான், வாங்க யோசிக்கிறவர்களுக்கு மற்றப் பக்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும். என்னுடையது ஆறு கியர் மனுவல்.

முதலில் கணக்கு. 658 சிசி ரேர்போ எஞ்சின், 64 குதிரைவலு, எடை 830 கிலோ. நீளம் 3,395 மில்லிமீற்றர், அகலம் 1,475. இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிற ஜப்பான் வாகன்ஆருக்கும் இதே நீளமும் இதே அகலமும்தான், இரண்டுமே ஜப்பானின் கெய் கார், அதாவது சின்னக் கார், விதிகளுக்குள் அடங்கச் செய்த வாகனங்கள். வித்தியாசம் உயரத்தில். வாகன்ஆர் 1,650 அளவில் நிற்கும், இது 1,180. எஞ்சின் வேறு சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் அதே நீள அகலத்துக்குள் வாகன்ஆரில் நாலு பேரும் சாமானும் போகலாம், இதில் இரண்டு பேர் போகலாம், சாமான் போகாது.

எங்கட ஊரில் கார் என்பது வாங்கினவனுக்கு மட்டும் சொந்தமான பொருள் இல்லை, இதைத்தான் வாங்கமுதல் யோசிக்கவேண்டும். வளவில் ஒரு கார் நின்றால் அது பெரியம்மாவுக்கும் உரித்து, பின்வீட்டு மாமிக்கும் உரித்து, கனடாவிலிருந்து வரப்போகிற சித்தப்பாவுக்கும் உரித்து. இரவு பன்னிரண்டு மணிக்குப் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தால் முதலில் தட்டுவது கார் நிற்கிற வீட்டுப் படலையைத்தான். “தம்பி, ஒருக்கா வாறியே?” என்று கேட்டால் மறுப்பதற்கில்லை, பெற்றோல் காசு கேட்பதற்குமில்லை. இந்தக் காரை வாங்கிய பிறகு என்னை யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் அது நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகுதான் விளங்கியது, கேட்காமல் விட்டதோடு வேறு சிலதும் குறைந்துவிட்டது என்று. கோயிலுக்குப் போகிறார்கள், செத்த வீட்டுக்குப் போகிறார்கள், எல்லாரும் ஒரு வானில். நான் தனியாகப் பின்னால் போய், தனியாக நிற்பாட்டிவிட்டு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் பெடியள் சுற்றி நிற்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு தகவல்.

பலாலியில் சென்னை விமானத்தில் வருகிற ஒரே ஒரு ஆளை ஏற்றப் போனாலும் இதே கதைதான். ஆள் ஏறலாம், 23 கிலோ சூட்கேஸ் ஏறாது. பக்கத்து சீற்றில் சூட்கேஸை வைத்தால் ஆள் ஓட்டோவில் வரவேண்டும். முன் பொனற்றுக்குக் கீழே ஒரு நீளமான பெட்டி இருக்கிறது, அது துணிக் கூரையைச் சுருட்டி வைப்பதற்கு. கூரை மேலே இருக்கிற நாட்களில் அதற்குள் சின்னச் சின்னச் சாமான் ஏதாவது வைக்கலாம், அவ்வளவுதான்.

ஏறி இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கதவை முழுதாகத் திறந்து, காருக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் இருந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி உள்ளே திருப்பவேண்டும். பெரியம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலையோடு இதைச் செய்தா. ஒரு கை கதவின் மேல்விளிம்பில், மற்றக் கை என் தோளில், “டேய், நிலத்தில இருக்கச் சொல்லுறியே” என்றபடி ஒரு மாதிரி உள்ளே விழுந்தா. சேலை மடிப்பு வாசல்படியில் உரஞ்சி அந்த மெல்லிய செம்மண் தூசு வரிசையாகப் பிடித்துக்கொண்டது. மண்டப வாசலில் இறங்குவது அதைவிடக் கஷ்டம், சாய்மனைக் கதிரையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழும்புகிற மாதிரி. அதற்குப் பிறகு பெரியம்மா ஓட்டோதான். முழங்கால் வருத்தம் உள்ள யாரும் வீட்டில் இருந்தால் இந்தப் பந்தியோடு வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

பெரிய வீதிகள் பரவாயில்லை. ஏ9, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் நல்ல தார். கஷ்டம் ஒழுங்கைகளில். நிலத்துக்கும் காரின் அடிக்கும் இடையில் 125 மில்லிமீற்றர்தான். எங்கட பக்கத்து ஒழுங்கைகளில் உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் விழுந்து, நடுவில் புல்லோடு ஒரு மண்வரம்பு எழும்பியிருக்கும். மற்றக் கார்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இது அதன்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். ஒரு பக்கச் சில்லை வரம்பின் மேலும் மற்றதை வேலியோரத்திலும் விட்டுச் சரித்து ஓட்டப் பழகவேண்டும், வேலியோரத்தில் கறுக்கு மட்டை நீட்டிக்கொண்டு நிற்கும், பெயின்ற் போகும். வேகத்தடைகளில் நேராக ஏறாமல் கோணலாக ஏறவேண்டும், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்து உள்ளே விடுவார். மாரியில், அதாவது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, ஒழுங்கைக்குள் வெள்ளம் நிற்கும்போது நான் காரை வெளியே எடுப்பதே இல்லை. மோட்டார் சைக்கிள்தான், மழை அங்கியோடு.

ரயர். முன்னுக்கு 165/55ஆர்15, பின்னுக்கு 195/45ஆர்16. நாலும் ஒரே அளவு இல்லாததால் முன்பின் மாற்றிப் போட முடியாது. இங்கே ரயர் கடையில் அளவைச் சொன்னால் முதலில் திருப்பிக் கேட்பார்கள், பிறகு கொழும்புக்கு அடித்துக் கேட்பார்கள், முன்னுக்குக் கிடைத்தால் பின்னுக்குக் கிடைக்காது. மேலதிகச் சில்லும் கிடையாது, ஒட்டுமருந்துப் போத்தலும் காற்றடிக்கிற சின்ன இயந்திரமும்தான் தந்திருக்கிறார்கள். ஆணி குத்தினால் சரி. பக்கச்சுவர் கல்லில் வெட்டுப்பட்டால் மருந்து வேலைசெய்யாது, காரை லொறியில் ஏற்றவேண்டியதுதான்.

கொழும்புப் பயணத்துக்கு வருவோம். பெற்றோல் தாங்கி 25 லீற்றர். வழியில் எனக்கு லீற்றருக்கு 17 கிலோமீற்றர் அளவில் கிடைக்கிறது, இங்கிருந்து கொழும்பு 400 கிலோமீற்றருக்குக் கிட்ட, கடதாசியில் போதும். ஆனால் கடைசிச் சொட்டு வரைக்கும் யாரும் ஓட்டுவதில்லை, ஆகவே புத்தளத்திலோ அங்கிட்டு இங்கிட்டோ ஒரு முறை நிற்கவேண்டும். இது பெரிய குறை இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியபோது இந்த வகைக் கார் வைத்திருந்தவர்களுக்குத்தான் வாரா வாரம் தாங்கி கிட்டத்தட்ட நிரம்பியது, அந்த ஒரு காலத்தில் மற்றவர்களுக்கு எங்கள்மேல் பொறாமை.

பெரிய குறை, இரவில் ஏ9. லொறிக்குப் பக்கத்தில் போகும்போது அதன் சில்லு நட்டுகள் கண்ணுக்கு நேரே சுற்றும். எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு முழுதாக முகத்தில் அடிக்கும். பஸ்காரருக்கு நான் இருப்பதே தெரியாது என்று நினைத்துத்தான் ஓட்டவேண்டும், தெரிந்தாலும் விலகுவாரா என்பது வேறு விஷயம். கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் தாரின் சூட்டுக்கு மாடுகள் வீதியில் படுத்திருக்கும். உயரமான வாகனத்தில் இருந்தால் தூரத்திலேயே முதுகு தெரியும். நான் இருக்கிற உயரத்தில் கறுத்த மாடு கறுத்த வீதியோடு ஒன்றாகிவிடும். அதனால் இருட்ட முதல் வவுனியா தாண்டுவது என்று வைத்திருக்கிறேன், திரும்பி வரும்போது இருட்ட முதல் கிளிநொச்சி தாண்டவேண்டும்.

கூரையைத் திறந்து ஓடுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்குக் கூரையைச் சுருட்டி வைத்துப் பண்ணைப் பாலத்தில் போனால் தலை வெடிக்கும். விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகும் நல்லாக இருக்கும், ஆனால் பண்ணையிலும் காரைநகர்ப் பக்கமும் காற்றில் உப்பு. வந்தவுடன் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவாவிட்டால் நட்டுகளில் துரு தெரியத் தொடங்கும். வெயிலில் கதவு ரப்பரும் கூரை ரப்பரும் காய்ந்து இறுகும், மாரியில் அதன் பலன் தெரியும்.

திருத்த வேலை பாதிக்குப் பாதி. இந்த எஞ்சின் குடும்பம்தான் ஹொண்டாவின் என்பொக்ஸ், என்டபிள்யூஜிஎன் போன்ற கார்களிலும் இருக்கிறது, அதனால் எஞ்சின் சாமான் தேடினால் கிடைக்கும். முன் பம்பர், விளக்கு, கண்ணாடி, கூரை, இதெல்லாம் இந்த மாதிரிக்கு மட்டுமே உரியவை. இலங்கைக்குக் கார் இறக்குமதி 2020இல் நின்றது, எஸ்660 உற்பத்தி 2022 மார்ச்சோடு முடிந்தது, 2025இல் இறக்குமதி திறந்தபோது புதிதாகக் கொண்டுவர இந்தக் காரே இல்லை. இங்கே இருப்பவைதான் இனி இருப்பவை. ஒரு ஓட்டோ பின்னால் வந்து மெதுவாக இடித்தால்கூட, ஜப்பானிலிருந்து பாவித்த சாமான் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் வாங்குவதென்றால், வீட்டில் இன்னொரு வாகனம் இருக்கட்டும். பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், ஏறி ஓடமுதல் நிலத்தில் படுத்து முன் பம்பரின் கீழ் விளிம்பைப் பாருங்கள், வெளியே பளபளத்தாலும் அங்கே கீறல் உண்மையைச் சொல்லும். தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி மணந்து பாருங்கள், பூஞ்சண வாடை அடித்தால் கூரை ரப்பரால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் ரயர் செய்த வாரம், மற்ற இரண்டும் வருடம். இந்தக் கார்கள் குறைவாக ஓடுவதால் பூ தேயாமலே ரயர் பழசாகிப் போயிருக்கும். அப்படி இருந்தால் நாலு ரயரின் விலையையும் கழித்துத்தான் பேரம் பேசவேண்டும்.