பள்ளி எல்லையை மாற்றும் வழிகளும் வீட்டு விலையும்: ஐந்து அமெரிக்கப் புறநகர்கள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிச் சேர்க்கையைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வி வாரியம் ஓர் எல்லை வரைந்து வைத்திருக்கிறது. அதற்குள் குடியிருப்போரின் பிள்ளைகள் கட்டணமின்றி அந்தப் பள்ளியில் படிக்கலாம். தெருவின் எதிர்ச்சாரியில் இருப்பவர்கள் வேறொரு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கலாம். வசதியான புறநகர்களின் வீட்டு விற்பனை விளம்பரங்களில் படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு பள்ளிகளின் பெயர்களும் தவறாமல் இடம்பெறுவது இதனால்தான். வேலை நிமித்தம் அங்கே குடியேறும் இந்தியக் குடும்பங்களில் பலரும் முதலில் பள்ளியைத் தேர்ந்துவிட்டு, பிறகே அதன் எல்லைக்குள் வீடு தேடுகிறார்கள்.

இந்த எல்லைக்கு என்ன விலை என்பதைப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். பாஸ்டனைச் சுற்றியுள்ள மாசசூசெட்ஸ் புறநகர்களில் எல்லைக்கோட்டை ஒட்டி இருபுறமும் விற்பனையான வீடுகளை அவர் ஒப்பிட்டார். ஊரும் வரியும் அக்கம்பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, தொடக்கப் பள்ளி மட்டும் மாறும் இடங்கள் அவை. பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவருடைய முடிவு. 8 லட்சம் டாலர் வீட்டுக்கு இது 20,000 டாலர்.

ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பகுதியில் புதிய குடியிருப்புகள் எழுந்து பள்ளி நிரம்பி வழியும்போது, இன்னொரு பகுதியில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறி வகுப்பறைகள் காலியாகின்றன. அப்போது கல்வி வாரியத்தின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: ஒரே தடவையில் பெரிதாக எல்லையை மாற்றுவது, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றுவது, எல்லையையே கைவிட்டுப் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டு இடம் ஒதுக்குவது, எல்லையைத் தொடாமல் கட்டடம் கட்டுவது. பிள்ளைகளுக்கும் வீட்டில் சேமிப்பை முடக்கிய குடும்பங்களுக்கும் இவற்றில் எது குறைந்த சேதம் விளைவிக்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முதல் வழிக்கு மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டியைவிடத் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய ஓர் ஆட்சிப் பகுதி) தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் இருக்கும் இந்தச் செல்வக் கவுண்டியில் ஏறத்தாழ 58,000 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது, 2019 ஆகஸ்டில் கவுண்டிப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்டிரானோ சுமார் 7,400 மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். எட்டுப் பேரில் ஒருவருக்குப் பள்ளி மாறும் என்பது இதன் பொருள். நெரிசலைக் குறைப்பது ஒரு நோக்கம்; ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் குவிந்து கிடக்கும் நிலையை மாற்றுவது இன்னொரு நோக்கம். கிளார்க்ஸ்வில்லில் உள்ள ரிவர் ஹில் உயர்நிலைப் பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் அப்போது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சில மைல் தொலைவில் கொலம்பியாவில் உள்ள வைல்ட் லேக் பள்ளியில் 40 விழுக்காட்டுக்கும் மேல். கொலம்பியா சாதாரண ஊராக இருந்திருந்தால் இந்த இடைவெளி இவ்வளவு உறுத்தியிருக்காது. இனமும் வருமானமும் கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்துடன் கட்டுமானத் தொழிலதிபர் ஜேம்ஸ் ரௌஸ் திட்டமிட்டு 1967இல் தொடங்கிய நகரம் அது.

பொது விசாரணைகள் பல இரவுகள் நீண்டன. எழுத்து வடிவில் ஆயிரக்கணக்கான கருத்துகள் வந்து குவிந்தன. கவுண்டியைச் சிறு சிறு திட்டப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்து, அவற்றைப் பாலிகன் என்று குறிப்பிடுவது அங்குள்ள வழக்கம். அந்த மாதங்களில் குடும்பங்கள் தங்களைத் தெருப் பெயரால் சொல்வதைவிடப் பாலிகன் எண்ணால் சொல்லத் தொடங்கிவிட்டன. நவம்பர் 21 அன்று வாரியம் ஒப்புதல் தந்த இறுதி வடிவத்தில் சுமார் 5,400 மாணவர்கள் இடம் மாறினார்கள். வீட்டு விலை சரியும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்யானதா என்பதை விலைப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மாற்றம் நடைமுறைக்கு வந்த 2020இல் பெருந்தொற்றும் வந்தது. முப்பதாண்டு வீட்டுக் கடனின் வட்டி 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வேறுபாடின்றி நாடு முழுவதும் விலைகள் ஏறின.

தெளிவான அளவு வேண்டுமானால் இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஓஹியோவில் கிளீவ்லாந்தை ஒட்டியுள்ள ஷேக்கர் ஹைட்ஸ் 1987இல் நான்கு தொடக்கப் பள்ளிகளை மூடி எல்லைகளைப் புதிதாக வரைந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த வில்லியம் போகார்ட், பிரையன் குரோம்வெல் இருவரும், அக்கம்பக்கப் பள்ளியை இழந்ததால் வீட்டு மதிப்பு 9.9 விழுக்காடு, அதாவது சராசரி வீட்டுக்கு 5,738 டாலர், குறைந்ததாகக் கண்டார்கள். மூடப்பட்டவற்றில் லட்லோ பள்ளியும் ஒன்று. கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்ததும் வெள்ளையர்கள் வீட்டை விற்றுக்கொண்டு வெளியேறுவது வாடிக்கையாக இருந்த 1957இலேயே, இரு தரப்பும் சேர்ந்து சங்கம் அமைத்துக் கலந்து வாழ்வதென்று உறுதி பூண்ட பகுதி லட்லோ. அப்படிப்பட்ட இடம் தன் பள்ளியை இழந்ததை வெறும் டாலர் கணக்காகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஹோவர்டையும் ஷேக்கர் ஹைட்ஸையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லை மாற்றத்தால் விளையும் இழப்பு இரு வகைப்பட்டது என்பது புலப்படும். பள்ளி மூடப்பட்டு, நடந்துபோன பிள்ளை பேருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், அது யாருக்கும் ஆதாயம் தராத நேர் இழப்பு. பள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, யார் எந்தப் பள்ளிக்கு என்பது மட்டும் மாறினால், ஒரு தெருவில் இறங்கும் விலை பெருமளவு இன்னொரு தெருவில் ஏறும் விலையாகிறது. ஆனால் விசாரணை மேடைக்கு இழப்பவர்கள் மட்டுமே வருகிறார்கள். ஆதாயம் பெறுகிறவர்களில் பலர் வாடகைக் குடியிருப்பாளர்கள். அவர்களுக்கு விலையேற்றத்தில் பங்கு கிடையாது. பங்கு கிடையாது என்பதோடு இது முடிவதுமில்லை. நல்ல பெயர் பெற்ற பள்ளியின் எல்லைக்குள் ஒரு குடியிருப்பு வந்துவிட்டால், நாளடைவில் அங்கே வாடகை ஏறும். யாருடைய பிள்ளைக்காகக் கோடு நகர்த்தப்பட்டதோ, அந்தக் குடும்பமே ஒப்பந்தம் முடியும்போது வேறு இடம் தேட வேண்டி வரலாம். இடம் முகவரியோடு பிணைந்திருக்கும்வரை, வாரியம் வரையும் கோட்டைச் சந்தை மெல்ல மெல்ல அழித்து எழுதிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வழியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது வட கரோலினாவின் வேக் கவுண்டி. ராலே நகரப் பள்ளிகளையும் சுற்றியுள்ள கவுண்டிப் பள்ளிகளையும் 1976இல் ஒரே பள்ளி மாவட்டமாக இணைத்துவிட்டதால், கேரி போன்ற வசதியான புறநகரில் வீடு வாங்கினாலும் ராலேயின் பிள்ளைகளோடு ஒரே அமைப்பில்தான் படிக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டித் தப்பிக்க வழியில்லை. 2000இல் வாரியம் இன அடிப்படையில் மாணவர்களுக்கு இடம் ஒதுக்குவதைக் கைவிட்டு, எந்தப் பள்ளியிலும் சலுகை உணவு பெறும் மாணவர்கள் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கை ஏற்றது. அதே காலத்தில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியதால், புதிய பள்ளி திறக்கத் திறக்க, மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இடம் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பள்ளியும் முற்றிலும் தாழ்ந்துவிடாது என்ற நம்பிக்கை இருந்தவரை இந்த முறை கவுண்டி முழுவதன் வீட்டு மதிப்புக்கும் ஒருவகைக் காப்பீடாக இருந்தது என்பது என் மதிப்பீடு. ஆனால் ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் இரண்டு முறை மாற்றப்படலாம் என்ற நிலையில் வாழும் பெற்றோருக்குக் காப்பீடு கண்ணில் படாது. அடுத்த மாற்றம் எப்போது என்ற கவலையே கண்ணில் படும். 2009 தேர்தலில் அந்தச் சலிப்பு வாக்குகளாக மாறியது. புதிய பெரும்பான்மை 2010 மார்ச்சில் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் கொள்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியிலும் புதிய பள்ளிகள் திறக்கும்போதெல்லாம் எல்லைகள் மாறின. ஆஷ்பர்ன் போன்ற இடங்களில் புது வீடு வாங்கியவர்கள், அருகில் இன்னொரு பள்ளி வரப்போகிறது, அப்போது கோடு நகரும் என்பதைத் தெரிந்தே வாங்கினார்கள். வரவிருக்கும் மாற்றம் முன்கூட்டியே தெரிந்தால் அது வாங்கும் விலையிலேயே சேர்ந்துவிடும். பிறகு வரும் அதிர்ச்சி சிறியதாகிவிடும். வளர்ந்து முடிந்த பழைய புறநகருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாம் வழிக்கு நியூ ஜெர்சியின் மாண்ட்கிளேர் நல்ல எடுத்துக்காட்டு. மன்ஹாட்டனுக்கு மேற்கே உள்ள இந்த வசதியான ஊர், பள்ளிகளில் நிலவிய இனப் பிரிவினையைக் களையும்படி வந்த உத்தரவுகளுக்குப் பிறகு, 1977இல் மாக்னட் பள்ளி முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தனிச் சிறப்புப் பாடத்துறை கொடுத்து, அதை நாடிப் பெற்றோர் தாமாகவே வரும்படி செய்வதே அந்த முறை. பின்னர் அது தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பெற்றோர் பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கிறார்கள். சமநிலையைக் கருதி ஊர் இடம் ஒதுக்குகிறது. உயர்நிலைப் பள்ளி ஊருக்கு ஒன்றே என்பதால் அங்கே எல்லைப் பிரச்சினைக்கே இடமில்லை. தனித்தனி மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்திய பிறகு, குடியிருப்புப் பகுதியின் பொருளாதார நிலையைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு மாண்ட்கிளேர் மாறிக்கொண்டது.

ஊருக்குள் எந்தத் தெருவில் வீடு வாங்கினாலும் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. எனவே தெருவுக்குத் தெரு வேறுபடும் பள்ளி விலை அங்கே பெருமளவு மறைந்துவிடுகிறது. வாடகைக்கு இருப்பவரின் பிள்ளையும் வீட்டுக்காரரின் பிள்ளையும் ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறார்கள். இதற்கு மூன்று விலைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேருந்துச் செலவு ஒன்று. ஏற்கெனவே சொத்து வரி உயர்ந்த நியூ ஜெர்சியில் அது சிறியதல்ல. எதிர்வீட்டுப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போவதால் தெருவின் கூட்டு வாழ்வு தளர்வது இன்னொன்று. மூன்றாவதே மிகப் பெரியது: தெருவுக்குத் தெரு இருந்த விலை வேறுபாடு மறைந்த இடத்தில், ஊரின் எல்லையில் அது திரண்டு நிற்கிறது. மாண்ட்கிளேருக்குள் நுழைவதற்கே பெரும் பணம் வேண்டும்.

கட்டடம் கட்டும் வழி எல்லோருக்கும் பிடித்தமானது. ஏனெனில் அதில் யாரும் நகர வேண்டியதில்லை. ஆனால் ஒரு பள்ளியில் இடம் காலியாக இருக்கும்போது பக்கத்துப் பள்ளிக்கு மாடி எழுப்ப வரிப்பணம் கேட்பதை நியாயப்படுத்துவது கடினம். புதிய கட்டடம் திறக்கும்வரை பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் நிறுத்தப்பட்ட தற்காலிக வகுப்பறைகளில் படிக்கிறார்கள். ஹோவர்ட் கவுண்டி இன்னொரு கதவையும் திறந்து பார்த்தது. தொடக்கப் பள்ளி கொள்ளளவில் 105 விழுக்காட்டையும், நடுநிலை 110ஐயும், உயர்நிலை 115ஐயும் எட்டினால் அப்பகுதியில் புதிய குடியிருப்புகளுக்கான அனுமதியை நிறுத்திவைக்கும் விதியை 2019இல் நடைமுறைப்படுத்தியது. இது நெரிசலைத் தள்ளிப்போடும். ஆனால் வீடுகளின் வரத்தைக் குறைத்து, ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களின் விலையை மேலும் உயர்த்தும். புதிதாக வர விரும்பும் இளம் குடும்பங்களுக்கு இது மிகக் கடுமையான வழி என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே என் தேர்வு ஊரின் அளவைப் பொறுத்தது. சில மைல்களில் அடங்கும் சிறு ஊரென்றால், மாண்ட்கிளேரின் வழியை மற்ற மூன்றுக்கும் மேலாக வைப்பேன். அதன் குறைகள் மெய்யானவை. ஆனால் பிள்ளையின் பள்ளி இடத்தை வீட்டு முகவரியிலிருந்து பிரித்தெடுப்பது, நான்கில் அது ஒன்றுதான். கவுண்டி அளவிலான பெரிய மாவட்டத்தில் அதே முறை பிள்ளைகளை மணிக்கணக்கில் பேருந்தில் உட்கார வைத்துவிடும். அங்கே ஒரே தடவையில் பெரிதாக மாற்றுவதே மேல். ஆனால் புதிய பள்ளி திறக்கும் ஆண்டில் அதைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அங்கேயே முடிக்கவும், தம்பி தங்கைகள் அவர்களோடு சேரவும் உரிமை வேண்டும். பழைய பள்ளிகளை மூடியே ஆக வேண்டுமென்றால், ஷேக்கர் ஹைட்ஸின் 9.9 விழுக்காட்டை மூடும் செலவில் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும்.

ஹோவர்டின் திட்டத்தில் எனக்குள்ள பெரிய குறை இந்தக் காலக்கணக்கில்தான் இருக்கிறது. ஜெசப்பில் பதின்மூன்றாவது உயர்நிலைப் பள்ளி வரப்போகிறது என்பது 2019இலேயே தெரிந்த செய்தி. கில்ஃபோர்ட் பார்க் என்ற பெயரில் அது 2023இல் திறக்கப்பட்டபோது உயர்நிலைப் பள்ளி எல்லைகள் மறுபடி வரையப்பட்டன. ஓர் உயர்நிலைப் படிப்புக்குரிய நான்கே ஆண்டுகளில் இரண்டு மாற்றங்கள். முதல் மாற்றத்தின்போதே, ஒவ்வொரு பாலிகன் எண்ணுக்கும் எதிரே இந்தக் கோடு எந்தக் கல்வியாண்டு வரை மாறாது என்று வரைபடத்தில் குறித்திருந்தால், வீடு வாங்க வந்தவர்கள் தங்கள் மூத்த பிள்ளையின் வகுப்பையும் அந்த ஆண்டையும் அருகருகே வைத்து, என்ன விலை கொடுக்கலாம் என்பதைத் தாங்களே கணக்கிட்டிருப்பார்கள்.