பிடிகே, பிஐ3கே டெல்டா: பி செல் புற்றுநோயில் எந்த நொதியை மடக்குவது?

ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளை அணுக்களான பி செல்களில் வரும் சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2014-இல் அமெரிக்காவில் இரண்டு மாத்திரைகளுக்கு அனுமதி கிடைத்தது. பிப்ரவரியில் இப்ருடினிப், ஜூலையில் இடெலலிசிப். முன்னது பிடிகே நொதியைத் தடுக்கும், பின்னது பிஐ3கே டெல்டாவை. இரண்டும் ஒரே பாதையில்தான் வேலை செய்கின்றன: பி செல்லின் ஏற்பி தூண்டப்பட்டதும் டெல்டா செல் சவ்வில் பிஐபி3 என்ற கொழுப்பை உண்டாக்குகிறது, அதைப் பற்றிக்கொண்டு சவ்வுக்கு வரும் பிடிகே, சாகாமல் பெருகச் சொல்லும் செய்தியை உள்ளே கடத்துகிறது. அப்போ எதைத் தடுத்தாலும் ஒன்றுதானே? இல்லவே இல்லை.

பிடிகே இல்லாவிட்டால் மனிதருக்கு என்ன ஆகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்பத் தொற்று வந்த 8 வயதுப் பையனின் ரத்தத்தில் காமா குளோபுலினே (ஆன்டிபாடிகள் அடங்கிய புரதம்) இல்லை என்று கண்டார். காரணமான பிடிகே மரபணு 1993-இல் பிடிபட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு மஜ்ஜையிலேயே பி செல் வளர்ச்சி நின்றுவிடுகிறது, ஆனால் இன்னொரு வகை நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் இருக்கும். ஆன்டிபாடியை வெளியிலிருந்து ஏற்றிக் காப்பாற்றலாம்.

டெல்டா அப்படியில்லை. மற்ற செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்குமுறை டி செல்களுக்கும் அது வேண்டும். டெல்டா செயலிழந்த எலிகளுக்குக் குடல் அழற்சி வந்தது 2002-லேயே பதிவானது. பிறகு இடெலலிசிப் எடுத்தவர்களில் பலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி. 2016-இல் கூட்டு மருந்துச் சோதனைகளில் இறப்புகள் கூடியதால் அவை நிறுத்தப்பட்டன. எலி சொன்னதை இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்ருடினிப்பும் குறையில்லாதது அல்ல. வேறு நொதிகளையும் தொடுவதால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ரத்தக்கசிவும் வரலாம். அதனால்தான் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு, பிடிகேயையே தடுக்கும் அகாலாபுருடினிப் அல்லது சானுபுருடினிப் மேல் என்பேன். பிடிகேயில் மருந்து ஒட்டும் 481-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீன் மாறி எதிர்ப்பு வந்துவிட்டால், அந்த ஒட்டுதலை நம்பாத பிர்டோபுருடினிப் இருக்கிறது.

அதற்காக டெல்டாவை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த நொதி பிறவியிலேயே மிகையாக இயங்கும் ஏபிடிஎஸ் என்ற குறைபாட்டுக்கு, அதைத் தணிக்கும் லெனியோலிசிப் 2023-இல் அனுமதி பெற்றது. அங்கே அதுதான் சரியான மருந்து, பிடிகே மாத்திரை அதற்கு மாற்றாகாது.