அம்பாசிடர் பின்பக்க ஸ்பிரிங் மாற்றி 14 மாதங்கள்

இடதுபுறம் சாய்ந்து நிற்கும் தம் அம்பாசிடருக்கு, வளைந்த பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பின்பக்க ஸ்பிரிங் செட்டைப் புதிதாகப் போடலாமா, அல்லது பழைய பிளேட்டுகளையே பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாமா என்று மதுரை நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் நான் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் புது செட் போட்டு 14 மாதங்களும் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டரும் ஆன பிறகும், வீட்டு வாசல் சரிவில் இடது பின்சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கிளம்பும் ஒரு "கிறீச்" சத்தம், நான் சொல்ல நினைக்கும் எந்தப் பதிலையும் முழுமையாகச் சொல்லவிடாமல் தடுக்கிறது.

எங்கள் வண்டி 1996-இல் வாங்கிய இசுசு என்ஜின் அம்பாசிடர். அப்பா ஒருநாளும் ஓட்டியதில்லை. ஓட்டுநர் வைத்திருந்த காலம் முழுவதும் பின்னிருக்கையில் இடதுபக்கம்தான் உட்காருவார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே மனிதர் அமர்ந்துவந்தால் இரும்பும் பழகிவிடும் போலிருக்கிறது. நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால், இடப்பக்கம் ஒதுங்கி ஓடும் வண்டியின் இடது ஸ்பிரிங்குகளுக்கு எப்போதுமே சற்றுக் கூடுதல் பாரம், அதுவும் சேர்ந்துகொண்டது. சமதரையில் நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்தபோது, வலதைவிட இடது 32 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடை ஏறினால் பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸில் மேலெழும்பிப் போய், அதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதும் "டொம்" என்ற ஓசை முதுகெலும்புவரை கேட்கும். பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டிய ஆண்டும் நெருங்கியிருந்தது. சாய்ந்த வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

முதலில் பட்டறைக்குத்தான் போனேன். லாரி பிளேட்டுகளையே நாள் முழுவதும் அடிக்கும் இடம் அது. அவர்கள் செட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிளேட்டையும் பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவை ஏற்றி, மறுபடி கோத்துக் கொடுத்தார்கள். அன்று மாலை வண்டி நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்து, புது செட் வாங்கும் பணம் மிச்சம் என்று மகிழ்ந்தேன். இரண்டு மாதங்கள் கழித்து அதே டேப்பை வைத்தால் வித்தியாசம் மீண்டும் 20 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. சூடாக்காமல் பச்சை இரும்பாக அடித்து வளைத்த பிளேட், பாரம் ஏறி இறங்க இறங்கத் தன் பழைய கிடப்புக்கே திரும்பிவிடுகிறது. உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் நிற்கும். ஆனால் அப்படிச் செய்தால் எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, பிறகு மிதமான சூட்டில் மீண்டும் பதம் ஏற்ற வேண்டும். அரிவாளுக்குப் பதம் பார்ப்பதைப் போன்ற வேலை அது. கண் மதிப்பில் செய்துவிட்டு 1,200 கிலோ வண்டியை அதன்மேல் ஏற்ற முடியாது. அவர்கள் உலையில் வைக்கவில்லை என்பதற்கு நன்றியே சொல்ல வேண்டும்.

புது செட்டுக்காகச் சென்னைக்குப் போனேன். கொல்கத்தா அருகே உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-இல். ஆயினும் இந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காமல் நான் நின்றதில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய செட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பாதி என்னுடையதைவிடச் சப்பையாகக் கிடந்ததால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நடந்துபோய்ப் புதிதாகவே கேட்டேன். கடைக்காரர் ஒரு பிளேட் கூடுதலாக வைத்த செட்டை எடுத்துக் காட்டி, "டாக்ஸிக்காரங்க எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க, ஜென்மத்துக்கும் இறங்காது" என்றார். இறங்காது என்பதில் எனக்கும் ஐயமில்லை. வண்டி நிறைய ஆளும் டிக்கி நிறையச் சுமையும் ஏற்றுபவர்களுக்கு அது பொருந்தும். நானும் அம்மாவும் மட்டுமே போகும் வண்டிக்கு அதைப் போட்டால் மாட்டுவண்டிதான். தடித்த பிளேட்டுகள் கொண்ட இன்னொரு செட்டும் இருந்தது. பிளேட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கேற்பக் கூடுகிறது. 6 மில்லிமீட்டர் பிளேட் 7 மில்லிமீட்டர் ஆனால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டரில் விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே சாதாரண செட் இரண்டு வாங்கினேன். வலப்பக்கச் செட் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் வண்டி இம்முறை மறுபக்கம் சாய்ந்திருக்கும். பிளேட்டின் முன்முனையில் வளையமாகச் சுருட்டிய முன் கண்ணிலிருந்து, பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்வரை உள்ள தூரத்தைப் பழைய செட்டில் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போனது நல்லதாயிற்று. முதலில் காட்டிய செட் அந்தத் தூரத்தில் 6 மில்லிமீட்டர் பிசகியிருந்தது. அம்பாசிடரில் பின் ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்திவைப்பதே இந்தப் பிளேட்டுகள்தாம். ஒருபக்கம் பிசகினால் பின்சக்கரங்கள் கோணலாகி, வண்டி நண்டு நடையாய் ஓடும்.

செட்டுகள், அவற்றை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ், பின் கண்ணை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள், கூலி எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. அரைநாள் வேலை என்ற மெக்கானிக்கிற்கு ஒன்றரை நாள் பிடித்தது. யூ போல்ட் நட்டுகள் துருவேறி அசைய மறுத்ததால் அறுத்தே எடுத்தார். இடப்பக்க முன் கண்ணில் செருகிய போல்ட் புஷ்ஷோடு ஒட்டிப் போயிருந்தது. அதற்கு மட்டும் மூன்று மணி நேரம். கழற்றிய செட்டைப் பிரித்துத் தரையில் வைத்தபோதுதான் பழையதன் நிலைமை முழுவதும் புரிந்தது. ஒவ்வொரு பிளேட்டின் நுனியும் தனக்கு மேலுள்ள பிளேட்டின் அடிவயிற்றில் ஒரு பள்ளத்தைத் தேய்த்திருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் விழுந்து நின்றது. பள்ளத்துக்குள் மிளகாய்த்தூள் நிறத்தில் துரு. எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் மெயின் பிளேட்டில் சென்டர் போல்ட் துளையருகே மயிரிழைபோல் ஒரு விரிசல் வேறு இருந்தது. பட்டறையில் அடித்தபோது வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்பது தெரியாத நிலையில் பட்டறைக்காரரைக் குற்றம் சொல்வது முறையாகாது.

புது செட்டின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. முதல் இரண்டு மாதங்களில் சற்றே அமர்ந்து, அதன் பிறகு அப்படியே நிற்கிறது. டிக்கியில் மூன்று அரிசி மூட்டைகளையும் பின்னிருக்கையில் அத்தைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து திருச்சிவரை வந்தபோது பம்ப் ஸ்டாப் ஒரு முறைகூடத் தட்டவில்லை. எதிரே வருபவர்கள் இரவில் என் விளக்கைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி மினுக்குவது நின்றது. பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்குகள் மேல்நோக்கியிருந்ததால்தான் இத்தனை காலம் அவர்கள் திட்டியிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது. முதல் கியரில் கிளம்பும்போது அடியில் விழும் அடி ஓசையும் போயிற்று. வண்டியைப் பார்க்க வந்த ஆய்வாளர் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். இத்தனைக்கும் 14,000 ரூபாய் அதிகமில்லை.

இனி அந்தச் சத்தம்.

மாற்றிய நான்காம் நாள் தொடங்கியது. சாலையில் ஓடும்போது இல்லை, வேகத்தடையில் இல்லை, வாசல் சரிவில், வண்டி நடைவேகத்தில் சற்றுத் திருகி ஏறும் அந்த இரண்டு வினாடிகளில் மட்டும், துருப்பிடித்த ஊஞ்சல் கொக்கியைப் போல நீளமாக ஒன்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கையில், கண்களின் போல்ட்டுகளை எல்லாம் தாம் முழுமையாக முறுக்கிவிட்டதை அவர் அப்போது தயங்காமல் ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்யக்கூடாது என்பதைப் பின்பக்க ஸ்பிரிங் மாற்றும் எவருக்கும் நான் முதலில் சொல்வேன். புஷ்ஷின் ரப்பர் ஸ்பிரிங் தொங்கும் நிலையிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் பிளேட்டுகள் நிமிர, ரப்பர் முறுக்கிக்கொண்டு, வண்டி நிற்கும்போதுகூட ஓய்வில்லாமல் இழுபட்டே கிடக்கிறது. அது சீக்கிரம் கிழியும், முனகவும் செய்யும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நான்குமுறை பின்பக்கத்தை அமுக்கிவிட்டு, அதன் பிறகே முறுக்கச் சொன்னேன். யூ போல்ட்டுகளும் 500 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை இறுக்கப்பட வேண்டியவை. அதையும் அன்றே செய்தோம்.

ஒன்பது நாட்கள் அமைதி. பத்தாம் நாள் வாசலில் "கிறீச்".

பிறகு ஷேக்கிள் புஷ்ஷை மாற்றினோம். பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரீபவுண்டு கிளிப்புகளைச் சற்றே அகட்டினோம். வண்டியைத் தூக்கிப் பிளேட்டுகளுக்கு இடையில் திருப்புளியை நுழைத்துப் பிரித்து கிராஃபைட் கிரீஸ் தடவினோம். அது மூன்று வாரங்கள் தாங்கியது, அதன்பின் சாலைத் தூசி எல்லாம் கிரீஸில் ஒட்டிச் சாணைக்கல்லாகிவிட்டது. இன்னொரு பட்டறையில் நுனிகளுக்கு இடையே தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி வைத்தார்கள். ஒரு மாதத்தில் அது நழுவி வெளியே வந்து, பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் ஏதோ கழன்று தொங்குகிறது என்று கையைக் காட்டி நிறுத்தினார்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. மார்கழிவரை ஒரு முனகலும் இல்லை. எதனால் தீர்ந்தது என்று யோசித்து, கடைசியாகச் செய்த வேலைக்குப் பெருமை கொடுத்துக்கொண்டிருந்தேன். தை வெயில் இரண்டு வாரம் அடித்ததும் அது திரும்பி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித்தான் இந்த ஸ்பிரிங் வேலை செய்கிறது. அந்த உரசலே குதிப்பை ஓரளவு அடக்கவும் செய்கிறது. பூச்சு தேய்ந்து வெற்று உருக்கு உருக்கோடு உரசும் புது நுனி, ஈரம் இருந்தால் பேசாமல் இருக்கும், காய்ந்தால் பேசும். பழைய செட்டின் நுனிகள் 20 ஆண்டுகளில் தமக்கென்று பள்ளம் தேய்த்துக்கொண்டதால் ஊமையாகியிருந்தன. அப்படியென்றால் வலப்பக்கம் ஏன் சத்தமிடவில்லை என்று கேட்கலாம். வாசலில் நான் எப்போதும் இடப்பக்கமே முதலில் ஏற்றுகிறேன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றியபோது வலதும் மெல்லிதாக ஒன்று சொன்னது.

ஆகவே இது பழுதல்ல. விற்றவர்மீதோ மாற்றியவர்மீதோ போடக்கூடிய குற்றமும் அல்ல. இதை எழுதும்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. மாலையில் அலுவலகம் முடிந்து களைத்து வந்து வாசலில் திருப்பும் கணத்தில் மட்டும் அது மறந்துபோகிறது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டே அடுப்பில் தோசைக்கல்லைப் போடுகிறார். தெருவில் வேறு யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. எனக்கோ வாசலுக்கு முந்தைய மின்கம்பத்தைத் தாண்டும்போதே பல் கூசத் தொடங்குகிறது. சரிவை இடித்துச் சமன் செய்ய ஒரு கொத்தனாரிடம் மதிப்புக்கூடக் கேட்டுவிட்டேன். ஸ்பிரிங் செட்டைவிட அதிகம் சொன்னார்.

மதுரை நண்பருக்கு முந்தாநாள் எழுதிய பதிலில், புதிது போட வேண்டாம், பட்டறையில் அடித்தே ஓட்டுங்கள் என்று சொன்னேன். மேலே நானே எழுதியிருப்பதைப் படித்தால் அது தவறான ஆலோசனை என்று யாரும் சொல்வார்கள். விரிசல் விட்ட மெயின் பிளேட் இப்போதும் என் கொட்டகையில்தான் கிடக்கிறது. ஆயினும் அன்று மாலை அப்படித்தான் எழுத வந்தது, அதை நான் திருத்தவும் இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையின் விலாசத்தைக் கேட்டிருக்கிறார். விலாசத்தோடு, கண் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரங்கள் தரையில் இருக்கின்றனவா என்று அருகில் நின்று பாருங்கள் என்பதையும் எழுதி அனுப்பினேன். அவர் வீட்டு வாசலில் சரிவு உண்டா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.