முதல் ஸ்டுடியோ லைட்: ஸ்பீட்லைட்டா, மானோ லைட்டா, எல்இடியா?

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, கையில் ஒரு கேமரா, 50 எம்எம் லென்ஸ் ஒன்று. போர்ட்ரெய்ட் எடுக்க ஆசைப்பட்டு முதல் லைட் வாங்கக் கிளம்பியபோது என்னிடம் இருந்தது இவ்வளவுதான். கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். எங்கே வைத்து எடுக்கப் போகிறீர்கள்? நீங்கள் பார்த்து வைத்திருக்கும் லைட்டின் சக்தியை எவ்வளவு குறைக்க முடியும்?

இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழிகள் மூன்று. கேமரா மேல் செருகும் சிறிய ஃப்ளாஷை, அதாவது ஸ்பீட்லைட்டை, கழற்றி ஸ்டாண்டில் மாட்டிக் குடையோடு பயன்படுத்துவது ஒன்று. கரண்டில் ஓடும் ஸ்டுடியோ ஃப்ளாஷான மானோ லைட் இன்னொன்று. எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் எல்இடி மூன்றாவது. உதாரணத்துக்கு கோடாக்ஸ் மாடல்களையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று வகையும் ஒரே கம்பெனியில் கிடைப்பதால் ஒப்பிட வசதி: டிடி600 ஸ்பீட்லைட், எஸ்கே400 இரண்டாம் பதிப்பு மானோ லைட், எஸ்எல்60 எல்இடி. வேறு கம்பெனி வாங்கினாலும் கணக்கு மாறாது.

எல்இடி: கண்ணுக்குத் தெரியும் வசதி

ஸ்விட்சைப் போட்டதுமே முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறதா, கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறதா, கண்ணாடி போட்டவரின் லென்ஸில் சாப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்க லைட்டின் முன் மாட்டும் துணிப்பெட்டி) தெரிகிறதா எல்லாவற்றையும் படம் எடுக்கும் முன்பே பார்த்துச் சரிசெய்யலாம். கேமராவிலிருந்து ஃப்ளாஷை அடிக்க வைக்கும் ட்ரிகர் வேண்டாம், ஷட்டரும் ஃப்ளாஷும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற சிங்க் கவலை வேண்டாம். அதே லைட்டில் வீடியோவும் எடுக்கலாம். ஒளியைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

சிக்கல் ஒளியின் அளவில் இருக்கிறது. எஸ்எல்60 என்பது 60 வாட். ஷட்டர் 1/125 விநாடி திறந்திருக்கும்போது அது செலவழிக்கும் ஆற்றல் என்ன? 60-ஐ 125-ஆல் வகுத்தால் அரை ஜூல்கூட வராது. எஸ்கே400 ஒரே வெடிப்பில் 400 ஜூல் கொட்டுகிறது. பெட்டியில் வாட்-விநாடி என்று போட்டிருப்பதும் ஜூலும் ஒன்றுதான். மின்சாரத்தை ஒளியாக மாற்றுவதில் எல்இடி ஃப்ளாஷ் குழாயைவிடத் திறமையானது. அதைக் கழித்துப் பார்த்தாலும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் நிற்கும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) ஏழுக்குக் குறையாது. 60, 400 என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஆறேழு மடங்குதானே" என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? சாப்ட்பாக்ஸ் போட்டு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் லென்ஸின் திறப்பு எஃப்/2.8, ஷட்டர் 1/125, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்ற இடத்தில் வந்து நிற்பீர்கள். ஒருவர் முகத்துக்கு இது தாராளம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் எல்லோரும் ஃபோகஸில் இருக்கத் திறப்பைச் சுருக்கி எஃப்/8 வைக்க வேண்டும். அங்கேயே ஐஎஸ்ஓ 3200. நாலு பேருக்கும் ஒளி பரவ லைட்டை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் ஒளி கால் பங்காகும், ஐஎஸ்ஓ 12800 ஆகும். இன்றைய கேமராக்கள் 3200-ஐ நன்றாகவே தாங்கும். 12800-க்குப் போனால் பட்டுப்புடவையின் ஜரிகை நெசவும் தோலின் நுணுக்கமும் குழைய ஆரம்பித்துவிடும். சுவரில் மாட்டப் பெரிதாக பிரிண்ட் போடும்போது அது தெரியும்.

இன்னொன்று, எல்இடிக்கு அறை ஒத்துழைக்க வேண்டும். ஹாலில் வெள்ளை டியூப்லைட், பூஜை அறையில் மஞ்சள் பல்பு, ஜன்னலில் வெயில் என்று இருந்தால் மூன்று நிறமும் முகத்தில் ஏறும். எல்லாவற்றையும் அணைத்து, திரையை இழுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஃப்ளாஷில் 1/200, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தாலும் படத்தில் அநேகமாகத் தெரியாது. அப்புறம், குழந்தைகள். ஓடியாடும் மூன்று வயதுக் குழந்தையை 1/125-இல் எல்இடியின் கீழ் எடுத்தால் கை கலங்கிவிடும். ஃப்ளாஷ் வெட்டும் நேரம் அதைவிடப் பல மடங்கு குறைவு. அசைவு உறைந்து நிற்கும்.

எல்இடியின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. பளிச்சென்ற ஒளியில் கண்ணின் பாப்பா சுருங்குவதால் அதைச் சுற்றிய பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். இருட்டறையில் ஃப்ளாஷ் அடித்தால் பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகத் தெரியலாம். க்ளோஸ்-அப் எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

மானோ லைட்: பலமும், பலமே தொல்லையாவதும்

ஸ்டுடியோ என்றாலே பலர் மனதில் வருவது இதுதான். சுவரில் செருகினால் ஓடும், பேட்டரி தீரும் பயமில்லை. எஸ்கே400-இல் தொடர்ந்து எரியும் 150 வாட் மாடலிங் லாம்ப் இருப்பதால் நிழல் எங்கே விழும் என்று ஓரளவு முன்பே பார்க்கலாம். முழு சக்தியில் அடித்தாலும் ஒரு விநாடிக்குள் மறுபடி தயாராகிவிடும். ட்ரிகருக்கான ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. குடும்பப் படம், எஃப்/8, எஃப்/11 எல்லாம் இதற்குச் சிரமமே இல்லை.

நான் முதலில் வாங்கியதும் 400 ஜூல் மானோ லைட்தான், வேறொரு கம்பெனியுடையது. பெரிய சாப்ட்பாக்ஸை மாட்டி, பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2-இல் ஆரம்பித்தேன். முகம் வெள்ளைக் காகிதம் போல வந்தது. சக்தியைக் கடைசிவரை குறைத்தேன், போதவில்லை. லைட்டைப் பின்னால் தள்ளினேன். ஒளி குறைந்தது, கூடவே அதன் மென்மையும் போய்விட்டது. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி தரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். தூரம் கூடக்கூட அந்தப் பரப்பு சிறிதாகிவிடும். ஒளி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக எனக்குப் பிடித்த ஒளியையே இழந்தேன். கடைசியில் மாடலிங் லாம்பை அணைத்துவிட்டு, சாப்ட்பாக்ஸின் மேல் அப்பாவின் வேட்டியை நாலாக மடித்துப் போட்டு எடுத்தேன். அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நன்றாகவே வந்தன.

"எவ்வளவு குறைக்க முடியும்?" என்று கேட்பது இதனால்தான். எஸ்கே400-இன் குறைந்தபட்ச அளவு 1/16, அதாவது 25 ஜூல். முழு சக்தியிலிருந்து நாலு ஸ்டாப் மட்டுமே இறங்கும். சாப்ட்பாக்ஸோடு ஒரு மீட்டரில் முழு சக்திக்கு எஃப்/16 என்று வைத்துக்கொண்டால், அடிமட்டத்தில் எஃப்/4. எஃப்/2 வேண்டுமானால் லென்ஸில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட வேண்டியதுதான். ஷட்டரைக் கூட்டித் தப்பிக்கவும் முடியாது. பெரும்பாலான கேமராக்களில் சிங்க் 1/200 அல்லது 1/250 வரைதான், அதைவிட வேகமான ஷட்டரிலும் அடிக்க உதவும் ஹை ஸ்பீடு சிங்க் இந்த லைட்டில் கிடையாது. 1/32, 1/128 வரை இறங்கும் மானோ லைட்களும் இருக்கின்றன. சிறிய அறைக்கு வாங்குகிறவர் 300, 400, 600 என்ற எண்ணை விட்டுவிட்டு முதலில் இந்தப் பின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். மேலே 200 ஜூல் இருந்தாலே வீட்டுக்குப் போதும்.

கரண்ட் போனால் மானோ லைட்டும் நிற்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம், ப்யூர் சைன் வேவ் என்றால் மட்டுமே யோசிக்கலாம். தரையில் ஓடும் வயரையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை, இல்லையென்றால் ஐந்து கிலோ அரிசிப் பையாவது இருக்கட்டும். சாப்ட்பாக்ஸ் மாட்டிய லைட் தலை கனத்து நிற்கும். ஃபேன் காற்றே அதை ஆட்டும்.

ஸ்பீட்லைட்: சின்னது, ஆனால் வீணாகாதது

டிடி600 நாலு ஏஏ பேட்டரியில் ஓடும். விலை எஸ்கே400-இன் பாதிக்கும் குறைவு. பெட்டியில் ஃப்ளாஷின் பலத்தைக் குறிக்கும் கைடு நம்பர் 60 என்று இருக்கும், எஸ்கே400-க்கு 65. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். அந்த 60 என்பது ஃப்ளாஷின் தலையை 200 எம்எம் ஜூமுக்கு வைத்து, ஒளியை ஒரே இடத்தில் குவித்து அளந்தது. குடைக்குள் பரப்பும்போது மானோ லைட்டைவிட இரண்டரை ஸ்டாப்பாவது குறைவாகவே கிடைக்கும்.

ஆனால் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது குறையே இல்லை. குடையோடு ஒரு மீட்டரில் எஃப்/5.6 என்றால் முழு சக்தி தேவைப்படாது. கீழே 1/128 வரை, அதாவது ஏழு ஸ்டாப் இறங்கும் என்பதால் எஃப்/2-உம் கைக்கு எட்டும். கோடாக்ஸின் எக்ஸ் ட்ரிகரோடு ஹை ஸ்பீடு சிங்கும் செய்யும். ஸ்டாண்ட், குடை, ஃப்ளாஷ் எல்லாம் ஒரு பையில் அடங்கிவிடும். வளைகாப்பு வீட்டுக்கோ, பிறந்து பத்து நாளான குழந்தையின் வீட்டுக்கோ பஸ்ஸில் போய் எடுத்துவிட்டு வரலாம்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மாடலிங் லாம்ப் இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் அடித்துப் பார்த்துத்தான் நிழலைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு சக்தியில் அடித்தால் அடுத்ததற்கு இரண்டரை விநாடி காத்திருக்க வேண்டும். சிரிப்பு அதற்குள் போய்விடும். சாதாரண பேட்டரி போடாதீர்கள். எனலூப் போன்ற ரீசார்ஜபிள் செல் எட்டு வாங்கி, நாலு உள்ளே, நாலு பையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஏடி200 ப்ரோ போன்ற, பேட்டரியில் ஓடும் ஸ்டுடியோ ஃப்ளாஷ்கள் இருக்கின்றன. 200 ஜூல், 1/256 வரை குறையும், கரண்டே வேண்டாம். மூன்றின் நல்ல குணங்களும் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. அந்த ஒன்றின் விலையில் கிட்டத்தட்ட இரண்டு எஸ்கே400 வரும் என்பதால் முதல் லைட்டாக அதைச் சொல்லத் தயங்குகிறேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வாங்க வேண்டியது.

மூன்று லைட், மூன்று ஸ்டாண்ட், பேக்ட்ராப் துணி என்று ஒரே பெட்டியில் வரும் சிஎஃப்எல் செட்டுகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒளி எஸ்எல்60 அளவுக்குக்கூட வராது, தோலில் பச்சை ஏறும், ஸ்டாண்ட் ஆறு மாதம் தாங்காது. ரிங் லைட் மேக்கப் செய்பவருக்கு நல்லது. முகத்தில் நிழலே விழாததால் போர்ட்ரெய்ட்டுக்கு முதல் லைட்டாக ஆகாது.

லைட்டைவிட நீடிப்பது

லைட் மாறும், சாப்ட்பாக்ஸ் மாறாது. அதனால் சாப்ட்பாக்ஸை லைட்டில் பொருத்தும் அமைப்பு பவன்ஸ் மவுண்டாக இருக்கும்படி வாங்குங்கள். பவன்ஸ் 1923-இல் தொடங்கிய பிரிட்டன் கம்பெனி. 2017-இல் மூடிவிட்டார்கள், ஆனால் அதன் மவுண்ட் பொதுச் சொத்துபோல பல கம்பெனிகளுக்கும் பரவிவிட்டது. எஸ்கே400, எஸ்எல்60 இரண்டிலும் அதுதான். ஸ்பீட்லைட்டைக்கூட ஒரு எஸ்-டைப் பிராக்கெட்டில் பிடித்து அதே சாப்ட்பாக்ஸை மாட்டலாம்.

நம் வீட்டுப் படங்களுக்கு இந்தச் சாப்ட்பாக்ஸின் அளவு முக்கியம். வெயில் காலத்தில் எண்ணெய் வழியும் நெற்றி, ஜிமிக்கி, நெக்லஸ், ஜரிகை எல்லாமே ஒளியைத் திருப்பி அடிக்கும். சிறிய லைட் என்றால் ஒவ்வொன்றிலும் ஊசி போல வெள்ளைப் புள்ளி எரியும். 90 செ.மீ. அல்லது 120 செ.மீ. சாப்ட்பாக்ஸை அருகில் வைத்தால் அந்தப் புள்ளி பரந்து, தங்கம் தங்கமாகவே தெரியும். கறுத்த தோலில் இது இன்னும் அழகு. பெரிய பரப்பு கன்னத்தின் மேல் மெதுவாக வழிந்து முகத்துக்கு வடிவம் கொடுக்கும். மறுபக்கத்துக்கு இரண்டாவது லைட் வேண்டாம், ஒரு தெர்மோகோல் அட்டை போதும்.

சரி, எதை வாங்கலாம்? வாரத்தில் பாதி நாள் வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் எல்இடி, ஆனால் 60 வாட்டில் நிற்காமல் 150, 200 வாட் பக்கம் பாருங்கள். சொந்த அறை, படம் மட்டும், அடிக்கடி குடும்பம் என்றால் நன்றாக இறங்கக்கூடிய மானோ லைட். மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் பணம் கையைக் கடிப்பவர்களுக்கு, நான் சொல்வது ஸ்பீட்லைட்தான். ஒன்று, ட்ரிகர், நல்ல ஸ்டாண்ட், பிராக்கெட், சாப்ட்பாக்ஸ். இரண்டு வருடம் கழித்து மானோ லைட் வாங்கினால் இந்த ஸ்பீட்லைட் தலைமுடிக்கோ பின்னணிக்கோ போய் நிற்கும். இரண்டும் ஒரே கம்பெனி என்றால் அதே ட்ரிகர் இரண்டையும் அடிக்கும். முதலில் மானோ லைட் வாங்கிய நான் பிறகு ஸ்பீட்லைட்டும் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

வாங்கியதும் முதல் நாள் ஒன்றைச் செய்து பாருங்கள். வீட்டில் ஒருவரை வெள்ளைச் சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் உட்கார வையுங்கள். சாப்ட்பாக்ஸை முகத்திலிருந்து ஒரு மீட்டரில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். லைட்டிலிருந்து சுவர் மூன்று மீட்டர், அதனால் முகத்துக்குக் கிடைக்கும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்கு. வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பல் நிறமாக நிற்கும். அடுத்து ஆளை நாற்காலியோடு சுவரை ஒட்டித் தள்ளி, லைட்டை இரண்டு மீட்டருக்கு எடுத்து, சக்தியை இரண்டு ஸ்டாப் கூட்டி அடியுங்கள். சுவர் வெள்ளையாகிவிடும், முகத்தின் நிழல் ஓரம் கூர்மையாகிவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்னணிக்கென்று இரண்டாவது லைட் உங்களுக்கு இப்போதே வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.